கேமராவை ஆன் செய்யச் சொல்வதற்கு முன்

கல்லூரி ஆசிரியர்கள் இருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வாரம் ஒருமுறையாவது அந்தச் சுவரொட்டி வந்து விழும். மேலே கல்லூரியின் இலச்சினை. நடுவே தாளாளர், செயலர், முதல்வர் என்று வட்ட வட்டமாகப் படங்கள். கீழே ஐந்து நாள் இணையவழி ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கான அறிவிப்பு. தலைப்பு செயற்கை நுண்ணறிவாக இருக்கும், பிளாக்செயினாக இருக்கும், இல்லையென்றால் 'தொழில்நுட்பப் பாடங்களை இணையவழியில் நடத்துவது எப்படி' என்று இருக்கும். ஐந்து நாளும் இணைப்பில் இருந்தால் மின்சான்றிதழ். பதவி உயர்வுக் கணக்கில் அதற்கும் மதிப்பு உண்டு.

இந்தப் பயிற்சிகளின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். கூகுள் மீட்டைத் திறப்பது, கூகுள் கிளாஸ்ரூமில் பாடத்தை ஏற்றுவது, மூடுலில் வினாடி வினா அமைப்பது, ஓ.பி.எஸ். மென்பொருளில் காணொளி பதிவு செய்வது, புளூம் வகைப்பாட்டின்படி வினாத்தாள் எடுப்பது. எல்லாம் தேவையானவைதான். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்ற கேள்விக்கு மட்டும் அரை மணி நேரம்கூட ஒதுக்கப்பட்டிருக்காது.

கொரோனாவோடு முடிந்துபோன விவகாரம்தானே இது என்று யாரும் நினைக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின் வழியே படிக்கலாம் என்றது. 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., இன்று பொறியியல் கல்லூரிகளின் அன்றாடத்தில் ஓர் அங்கம். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியே தனியார் நிறுவனங்களின் திறன் பாடங்கள் கல்லூரிக்குள் வந்திருக்கின்றன. இவற்றில் பெரும்பங்கு கணினி சார்ந்தவை. வேலைக்குப் போகும் வாசலில் நிற்பவையும் அவைதான். ஆகவே அந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியரை எப்படித் தயார் செய்கிறோம் என்பது சமூகநீதிக் கேள்வி. இதை ஏதோ மென்பொருள் பழக்கும் வேலை என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது.

தொழில்நுட்பக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கென்று ஏ.ஐ.சி.டி.இ. எட்டுத் தொகுதிகள் கொண்ட ஒரு பயிற்சியையே வைத்திருக்கிறது. அதையும் இணையவழியில்தான் படிக்க வேண்டும். பாடத்திட்டம், தொழில்நெறி, தகவல் தொடர்பு, கற்பித்தல் திட்டமிடல், தொழில்நுட்பவழிக் கற்றல், மதிப்பீடு, புத்தாக்கம், நிர்வாக நடைமுறை என்று தலைப்புகள் போகின்றன. எட்டில் ஒன்றின் தலைப்பிலும் சாதி இல்லை. இந்தியாவில் ஒரு வகுப்பறையைப் பற்றி எட்டுத் தலைப்பு எழுதி, சாதி என்ற சொல்லைத் தொடாமல் முடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும்!

சாதியைச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? 2021 ஏப்ரலில் காரக்பூர் ஐஐடியில் நடந்தது அதுதான். அங்கே பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென ஓராண்டு ஆயத்த வகுப்பு உண்டு. அதன் இணையவழி ஆங்கில வகுப்பில் பேராசிரியர் ஒருவர் மாணவர்களைக் கேட்கக் கூசும் சொற்களால் திட்டினார். எந்த அமைச்சகத்திடம் வேண்டுமானாலும் போய்ப் புகார் செய்யுங்கள், என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று சவாலும் விட்டார். காணொளி வெளியே வந்தது. மும்பை ஐஐடியின் அம்பேத்கர் பெரியார் பூலே வாசிப்பு வட்டம் உள்ளிட்டோர் குரல் எழுப்பினார்கள். அதன் பிறகே பணியிடை நீக்கம் வந்தது.

அந்தப் பேராசிரியருக்குக் காணொளி மென்பொருளை இயக்கத் தெரிந்திருந்தது. எந்தப் பயிற்சியின் அளவுகோலில் பார்த்தாலும் அவர் இணையவழியில் பாடம் நடத்தத் 'தயாரான' ஆசிரியர்தான்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சொற்கள் இணையம் வந்தபின் பிறந்தவை அல்ல. நாற்சுவருக்குள் சொல்லப்பட்டு, அங்கேயே அமுங்கி, பட்டவர் நெஞ்சில் மட்டும் கிடந்தவை. இணையவழி வகுப்பு முதல்முறையாக அதற்கொரு சாட்சியைக் கொடுத்தது. பயிற்சியில் 'வகுப்பைப் பதிவு செய்யும் உரிமை ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும்' என்று அமைப்பை மாற்றச் சொல்லித் தருகிறார்களே, அதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். பதிவு மாணவருக்கும் கிடைக்க வேண்டும். இணைப்பு அறுந்து போனவர் திரும்பக் கேட்கவும் அது உதவும், வேறு எதற்காவது தேவைப்பட்டால் அதற்கும் உதவும். அதே நேரம், பதிவாகிறது என்று தெரிந்தால் திக்கித் திணறிக் கேள்வி கேட்கும் முதல் தலைமுறை மாணவர் வாயே திறக்க மாட்டார். கேள்வி நேரத்தில் பதிவை நிறுத்தலாம். பெயர் தெரியாமல் கேள்வி அனுப்ப வழி செய்யலாம். இரண்டும் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தரக்கூடியவை.

திட்டுகிற ஆசிரியர் வெளிப்படையாகத் தெரிகிறார். எனக்குக் கவலை திட்டாத ஆசிரியரைப் பற்றியும்தான். 'கோடிங் எல்லாருக்கும் வராது சார், அதுக்குன்னு ஒரு மூளை வேணும்' என்று ஓய்வறையில் நல்ல மனதோடு சொல்பவர் அவர். தொழில்நுட்பத் துறையில் இந்த நம்பிக்கை மற்றத் துறைகளைவிட ஆழமாக ஊன்றியிருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் அளந்தது. அறிவியல், தொழில்நுட்பப் பாடம் நடத்தும் 150 பேராசிரியர்கள், அவர்களிடம் படித்த 15,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். திறமை என்பது மாறாதது, இருப்பவருக்கு இருக்கும் என்று நம்பிய பேராசிரியர்களின் வகுப்பில், கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி, அப்படி நம்பாதவர்களின் வகுப்பில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு வரை இருந்தது. பேராசிரியரின் இனம், வயது, அனுபவம் எதுவும் இந்த அளவுக்குக் கணக்கில் நிற்கவில்லை. அவருடைய நம்பிக்கைதான் நின்றது.

அங்கே நிறம் என்றால் இங்கே சாதி. நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதும் இல்லை. சென்னை ஐஐடியை மையமாக வைத்து மானுடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன் 2019இல் எழுதிய நூல், பரம்பரையாகக் கிடைத்த சாதி மூலதனம் எப்படித் 'தகுதி' என்று பெயர் மாற்றிக்கொண்டது என்பதை விரிவாகச் சொல்கிறது. மும்பை ஐஐடி 2023இல் சக மாணவரிடம் நுழைவுத் தேர்வின் தரவரிசையைக் கேட்காதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட வேண்டி வந்தது. தரவரிசையைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான் என்று நிர்வாகத்துக்கே புரிந்திருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கு இன்னும் புரியவில்லை.

இணையவழியில் இந்த நம்பிக்கை கூடுதல் சேதம் செய்யும். நேரடி வகுப்பில் ஒரு மாணவர் விழிப்பதை ஆசிரியர் பார்க்கலாம், பக்கத்தில் போய்த் திரையை எட்டிப் பார்க்கலாம். இணையத்தில் அவர் ஒரு கறுப்புக் கட்டம். கறுப்புக் கட்டத்தின் மௌனத்துக்கு ஆசிரியர் தன் மனதில் இருக்கும் விளக்கத்தைத்தான் கொடுப்பார். வாஷிங்டன் மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகளில் படித்த 40,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வு, இணையவழிக்கு மாறும்போது எல்லோருமே சற்றுப் பின்தங்குகிறார்கள், ஆனால் கறுப்பின மாணவர்களும் ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் பெற்றவர்களும் அதிகமாகப் பின்தங்குகிறார்கள் என்று காட்டியது. ஏற்கெனவே இருக்கும் பள்ளத்தை இணையம் தானாக மூடாது.

இனி அந்தக் கறுப்புக் கட்டத்துக்குப் பின்னால் போவோம்.

2017-18இல் எடுக்கப்பட்ட தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 75ஆவது சுற்றுக் கணக்கின்படி, இந்திய ஊரகக் குடும்பங்களில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில். நகர்ப்புறத்தில் 23.4. இணைய வசதி ஊரகத்தில் 14.9, நகரத்தில் 42. அதன்பின் கைப்பேசி இணையம் பெருகிவிட்டது உண்மை. ஆனால் கைப்பேசியில் ரீல்ஸ் பார்ப்பதும் நிரல் எழுதுவதும் ஒன்றல்ல. பைத்தான் மொழியில் ஒவ்வொரு வரியும் எத்தனை இடம் உள்தள்ளித் தொடங்குகிறது என்பதுதான் நிரலின் இலக்கணம். கைப்பேசி விசைப்பலகையில் அந்த இடைவெளியைத் தட்டிப் பார்த்தவருக்குத் தெரியும். சதுர அடைப்புக்குறிக்கு ஒருமுறை, சுருள் அடைப்புக்குறிக்கு ஒருமுறை என்று விசைப்பலகையை மாற்றி மாற்றித் தேடுவதற்குள் ஆசிரியர் அடுத்த நிரலுக்குப் போயிருப்பார். அவர் தன் பெரிய திரையில் கருப்புப் பின்னணியில் பொடி எழுத்தில் காட்டும் நிரல், ஆறங்குலத் திரையில் எறும்பு ஊர்வது போலத் தெரியும். 'எல்லாருக்கும் தெரியுதா?' என்று கேட்பார். தெரியவில்லை என்று சொல்ல மியூட்டை எடுக்க வேண்டும். எடுத்தால் வீட்டுச் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். 'சரி, தெரியுது போல' என்று பாடம் நகரும்.

அரசுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் ஒன்பதரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு தரப்பட்டது. 2011இல் தொடங்கி இடையில் நின்றுபோன விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் இடத்தில், 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று 2025 மார்ச்சின் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கருவி தருவதில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடிதான், பாராட்ட வேண்டும். ஆனால் கருவியை மாணவர் கையில் கொடுத்த கொள்கை, பாடத்தை அந்தக் கருவிக்கு ஏற்ற மாதிரி அமைக்க ஆசிரியருக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு எளிய யோசனை. இணையவழிக் கற்பித்தல் பயிற்சியின் ஐந்து நாளில் ஒரு நாள், பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள் அத்தனை பேரும் மடிக்கணினியை மூடிவிட்டு, மலிவு விலைக் கைப்பேசியில், ஒரு நாளைய தரவு அளவுக்குள் வகுப்பைக் கவனிக்கட்டும். கூகுள் கோலாபைக் கைப்பேசி உலாவியில் திறந்து முப்பது வரி நிரல் எழுதி, இரவு பத்து மணிக்குள் சமர்ப்பிக்கட்டும். தாமதமானால் மதிப்பெண் குறைப்பு உண்டு. மறுநாள் காலை அவர்கள் எழுத்துருவைப் பெரிதாக்குவார்கள், நேரலைக்குப் பதில் சிறு சிறு ஒலிப்பதிவாகத் தருவார்கள், கெடு நேரத்தைத் தளர்த்துவார்கள். 'பரிவு' பற்றிய ஐம்பது ஸ்லைடு செய்யாததை அந்த ஒரு நாள் செய்யும்.

கேமரா விஷயத்துக்கு வருவோம். வருகையை உறுதி செய்ய எல்லோரும் கேமராவை ஆன் செய்யுங்கள் என்பது பல பயிற்சிகளில் நல்ல நடைமுறையாகவே சொல்லப்படுகிறது. ஒற்றை அறை வீடு. பின்னால் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பார், அல்லது தங்கை தூங்கிக்கொண்டிருப்பாள். சுவரில் அம்பேத்கர் படம் இருக்கும். அந்தப் படம் திரையில் தெரிந்தால் இருபது ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த சாதி அறுபது பேருக்கு ஒரே நொடியில் தெரிந்துவிடும். நாம் பெருமையோடு மாட்டி வைத்திருக்கும் படத்தை ஒரு பிள்ளை வகுப்புக்காகக் கழற்றி வைக்க வேண்டிய நிலையை அந்த ஒற்றை விதி உண்டாக்குகிறது. பின்னணியை மறைத்துக்கொள்ளலாமே என்பார்கள். மலிவுக் கைப்பேசிகள் பலவற்றில் அந்த வசதி இயங்காது.

பெயரும் அப்படித்தான். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அதனால்தான் தமிழ்நாட்டு வருகைப் பதிவேட்டில் பெயரோடு தந்தையின் முதலெழுத்து மட்டும் நிற்கிறது. முன்னோர் இவ்வளவு பாடுபட்டு அழித்ததை ஓர் எக்செல் கோப்பு திரும்பக் கொண்டுவந்துவிடும். உதவித்தொகைக்கு இன்னும் விண்ணப்பிக்காத பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் பெயர்ப் பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'உடனே அலுவலகம் வரவும்' என்று எழுதும் ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. அவருக்கு அது ஒரு நிர்வாக வேலை. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட சமத்துவ விதிமுறைகள், வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பதையும், இட ஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவதையும் பாகுபாடு என்றே சொல்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. வகுப்பு வாட்ஸ்அப் குழுவும் வகுப்புதான் என்று பயிற்சியில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மொழியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும். தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கு நிரலாக்கத்தின் அடிப்படைகள் புதியவை அல்ல. 'மாறி', 'சார்பு', 'அணி' எல்லாம் பள்ளிக் கணிதத்தில் பழகியவை. 12ஆம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தவர் பைத்தானையே படித்திருக்கிறார். இதெல்லாம் தெரியாத ஆசிரியர் அவரைப் பூஜ்ஜியம் என்று நினைத்து ஆங்கிலத்தில் தொடங்குகிறார். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இதற்கு நேர்மாறான வழியைக் காட்டியது. கட்டற்ற மென்பொருள்களைப் பத்து நிமிடம் அளவிலான துண்டுகளாக, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒலிமாற்றம் செய்து, திரையின் ஒரு பாதியில் பார்த்து மறுபாதியில் செய்து பழகும்படி அமைத்தார்கள். தரவும் குறைவு, ஆங்கிலமும் தடையில்லை. ஆசிரியர்களை இதைப் போலச் செய்யப் பழக்குவதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. மாதிரி கண்முன்னே இருக்கிறது.

எல்லாப் பழியையும் ஆசிரியர் தலையில் போடுவதும் நியாயமில்லை. அரசுக் கல்லூரிகளில் இந்தப் பாடங்களில் பாதியைத் தூக்கிச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019இலேயே வரையறுத்தும், அதைக் கேட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தவர்கள். இவர்களில் கணிசமானோர் நம்மைப் போன்ற குடும்பங்களிலிருந்து முதன்முதலில் முனைவர் பட்டம் வரை போனவர்கள். பயிற்சிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமோ என்று கணக்குப் பார்ப்பவரிடம் காணொளி தயாரிப்பையும் சொந்தத் தரவிலேயே செய்யச் சொல்கிறோம். மேலே ஐஐடி பேராசிரியர் பதிவு செய்த உரை ஓடுகிறது. கீழே கல்லூரி ஆசிரியர் 'வழிகாட்டி' என்ற பெயரில் வருகையும் வினாடி வினா மதிப்பெண்ணும் எடுக்கிறார். சிந்திப்பவர் ஓரிடத்தில், எடுபிடி வேலை செய்பவர் ஓரிடத்தில் என்ற இந்தப் பிரிவினை நமக்குப் பழக்கப்பட்டதுதான். ஐஐடி உரை விருதுநகர் மாணவிக்கு இலவசமாகக் கிடைப்பது சிறிய விஷயமல்ல. ஆனால் அவள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று அந்தப் பதிவுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் ஆசிரியருக்குத்தான் தெரியும், அவரைத்தான் நாம் எடுபிடியாக்கி வைத்திருக்கிறோம்.

ஆசிரியர் ஓய்வறையும் சாதிக்கு வெளியே இல்லை. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், ஆசிரியர்களுக்கான பொதுப் பானையில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். இன்று பானை இல்லை. பயிற்சி நடத்தும் வல்லுநர்கள் யார், அதற்கான மதிப்பூதியம் யாருக்குப் போகிறது, ஐந்து நாளின் பத்து அமர்வுகளில் எத்தனையில் ஒரு தலித் பேராசிரியர், ஒரு பழங்குடிப் பேராசிரியர் பேசுகிறார் என்று அந்தச் சுவரொட்டியின் வட்டப் படங்களை எண்ணிப் பாருங்கள்.

கல்லூரியில் படிக்கும் தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி, பல்கலைக்கழகம் எதுவானாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய். கடந்த மூன்றாண்டுகளில் நடத்திய ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகளின் தலைப்புகளும் நிகழ்ச்சி நிரலும் என்ன? அவற்றில் 2012 சமத்துவ விதிமுறைகள் பற்றிய அமர்வு எத்தனை? பயிற்சி அளித்தவர்கள் யார் யார்? கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், அந்த நாட்களுக்கு ஊதியம் தரப்பட்டதா? பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரின் பெயர் என்ன? கேமரா, பதிவு, வாட்ஸ்அப் குழு பற்றி எழுத்து வடிவில் வழிகாட்டுதல் உண்டா? முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வந்த பதிலையும், வராத பதிலுக்குச் செய்த மேல்முறையீட்டின் நகலையும் எங்களுக்கு அனுப்புங்கள், கல்லூரி வாரியாக வெளியிடுகிறோம்.